கண்டிப்பும் கனிவும்: நான்கு தன்வரலாறுகள் காட்டும் பெற்றோர் வளர்ப்பு நெறி

முன்னுரை

பிள்ளை வளர்ப்பைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்னும் பழமொழி தமிழரிடையே தவறாமல் எடுத்துரைக்கப்படுகிறது. மகனைப் பள்ளியில் சேர்க்க வரும் தந்தை, 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று ஆசிரியரிடம் சொல்லிச் செல்வதும் சென்ற தலைமுறை வரை ஊர்தோறும் கேட்ட ஒன்றே. இவ்வழக்குகளின் அடியில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன. முற்காலப் பெற்றோர் கண்டிப்பு மிக்கவர்கள் என்பது ஒன்று. கண்டிப்பு என்பது அடியே என்பது மற்றொன்று. அவ்வடியே சான்றோரை உருவாக்கிற்று என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் முதலாவது பெரும்பாலும் உண்மையே. பின்னிரண்டும் வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துகின்றனவா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கென நான்கு தன்வரலாறுகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வெளிவந்தது. பண்டித ரமாபாய் தம் வாழ்க்கைச் சான்றுரையை 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூரின் 'ஜீவன்ஸ்மிருதி' 1912இல் வங்கமொழியில் நூலாயிற்று. காந்தியடிகளின் 'சத்திய சோதனை' 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் குஜராத்தி மொழியில் வெளிவந்தது. இந்நால்வரும் முறையே 1855, 1858, 1861, 1869 ஆகிய ஆண்டுகளில் பிறந்தவர்கள். பதினைந்து ஆண்டு எல்லைக்குள் பிறந்த ஒரு தலைமுறையினர். நாட்டின் நான்கு திசைகளில், நான்கு வேறுபட்ட குடும்பச் சூழல்களில் வளர்ந்தவர்கள். எனவே இவர்களின் குழந்தைப்பருவ நினைவுகளில் பொதுவாகக் காணப்படும் கூறு, ஒரு வீட்டின் தனிப்பழக்கமாக இல்லாமல் அக்கால வளர்ப்பு நெறியின் கூறாகக் கொள்ளத்தக்கது.

சொல்லும் மரபும்

'கண்டிப்பு' என்னும் சொல்லின் வழக்குப் பொருள்கள் முதலில் நோக்கத்தக்கன. பிழை செய்தவரைக் கடிந்துரைத்தல் என்பது அதன் ஒரு பொருள். 'கண்டிப்பாக வருவேன்' என்னும்போது அச்சொல் உறுதியைக் குறிக்கிறது. முன்னையதில் ஒருவர் பிறரைக் கட்டுகிறார். பின்னையதில் தம்மைத் தாமே கட்டிக்கொள்கிறார். பிள்ளை வளர்ப்பைப் பற்றிய இன்றைய பேச்சில் முதற்பொருள் மட்டுமே நினைக்கப்படுகிறது. தன்வரலாறுகளோ இரண்டாம் பொருளையும் உடன் வைத்து நோக்குமாறு செய்கின்றன என்பது கீழே விளக்கப்படும்.

தமிழ் இலக்கிய மரபில் பிள்ளை வளர்ப்புப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று புறநானூற்றின் 312ஆம் பாடலாகும். பொன்முடியார் பாடிய அப்பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோரின் கடமைகளைப் பகுத்துரைக்கிறது. ஒவ்வொருவர்க்கும் ஒரு கடமை உண்டு என்பதே அதன் அடிப்படை. மகனுக்குக் கடமை கூறும் பாடல் பெற்றோரையும் அரசனையும் கடமையிலிருந்து விலக்கவில்லை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் இவ்வகையில் கருதத்தக்கது. குழந்தையின் தீண்டலையும் மழலையையும் அதன் சிறுகை அளாவிய உணவையும் போற்றும் குறள்களும், மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்னும் குறளும் ஒரே அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் அடங்கியுள்ளன. கனிவையும் கடமையையும் வள்ளுவர் இரு வேறு அதிகாரங்களாகப் பிரிக்கவில்லை. தண்டனையை ஓங்கும்போது கடுமையும் செலுத்தும்போது மென்மையும் வேண்டும் என அரசனுக்கு அவர் கூறும் கருத்தோ 'வெருவந்த செய்யாமை' என்னும் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. அஞ்சத்தக்கன செய்யாதிருத்தல் என்பதே அவ்வதிகாரத்தின் பொருள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்மரபின் மறுபுறமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிரம்பு ஆசிரியரின் கையை விட்டு அகலாத கருவியாக இருந்தது. மாணவனின் இரு கைகளையும் கயிற்றில் பிணைத்து விட்டத்திலிருந்து தொங்கவிடும் 'கோதண்டம்' போன்ற தண்டனைகளும் வழங்கின. ஆகவே அக்காலத்தில் அடி இல்லை என்று கூறுவது வரலாற்றுக்கு மாறாகும். அடி இருந்தது. ஆனால் அதனைக் கண்ட தலைமுறையினர், முதுமையில் தம்மை ஆளாக்கியவர்களை நினைவுகூரும்போது எவற்றை எடுத்துரைக்கின்றனர் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

ஊர் ஊராக நடந்த தந்தை

உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர்; கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். இராமாயணம் முதலிய கதைகளை இசையோடு சொல்லி, அதனால் கிடைத்த வருவாயில் குடும்பத்தை நடத்தியவர். நிலையான வருவாய் இல்லாத அக்குடும்பம் உத்தமதானபுரத்திலிருந்து அரியலூர், குன்னம், கார்குடி எனப் பல ஊர்களில் மாறி மாறித் தங்கியதை 'என் சரித்திரம்' விரிவாகக் கூறுகிறது. கதை சொல்ல வாய்ப்புத் தேடிச் சென்ற பயணமாக மட்டும் இதனைக் கொள்ள இயலாது. மகனுக்குத் தமிழ் கற்பிக்கத்தக்க ஆசிரியர் எங்கே உள்ளார் என்பதும் எந்த ஊரில் தங்குவது என்பதை முடிவு செய்தது. அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் எனத் தமிழறிந்தோர் ஒவ்வொருவரிடமும் மகனைக் கொண்டுசேர்த்தவர் தந்தையே.

தந்தையின் விருப்பம் மகன் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது. அதற்கான பயிற்சியைத் தாமே தொடங்கினார். மகனின் உள்ளமோ தமிழில் ஈடுபட்டது. அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி உத்தியோகத்திற்கு வழியாக இருந்தது. வடமொழிக் கல்வி அவ்வகுப்பினரிடையே மதிப்புப் பெற்றிருந்தது. தமிழ்க் கல்வியால் வருவாய் கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. இந்நிலையில் 1871ஆம் ஆண்டு, மகனை அழைத்துக்கொண்டு மாயூரத்திற்குச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தவர் அதே வேங்கடசுப்பையர்தாம். பாடம் கேட்க வருவோர் சில காலத்தில் விட்டுச் செல்வதைக் கண்டு சலிப்புற்றிருந்த பிள்ளையவர்களிடம், தம் மகன் அவ்வாறு செல்லமாட்டான் என உறுதி கூறியவரும் அவரே.

இந்நிகழ்ச்சியில் இரண்டு கூறுகள் பிரித்தறியத்தக்கன. மகன் கற்றே ஆகவேண்டும் என்பதில் தந்தை தளரவில்லை, அதுவே கண்டிப்பு. எதனைக் கற்பது என்பதில் தம் விருப்பத்தை மகனின் விருப்பத்திற்குப் பின்னே நிறுத்தினார், அதுவே கனிவு. மகனிடம் வேண்டிய உழைப்புக்குக் குறையாத உழைப்பைத் தாமும் மேற்கொண்டார். பின்னாளில் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து, சங்க நூல்களின் மீட்சிக்கு வழிகண்ட பேராசிரியரின் தொடக்கம் இவ்வாறு ஊர் ஊராக நடந்த ஒரு தந்தையின் கால்களில் உள்ளது எனலாம்.

விடியலுக்கு முந்தைய பாடம்

ஏறத்தாழ இதே காலத்தில், வேங்கடசுப்பையரைப் போலவே புராணம் சொல்லி ஊர் ஊராகச் சென்ற மற்றொரு குடும்பம் இருந்தது. அனந்தசாஸ்திரி டோங்கரே என்னும் மராத்திய அறிஞர் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்தார். பெண்ணுக்குச் சாத்திரம் கற்பிப்பது தகாது என்ற எதிர்ப்பு எழுந்தது. அவர் தம் செயலை அறிஞர் அவையில் நிலைநாட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலம் என்னும் காட்டிடத்தில் குடியமர்ந்தார். அங்கே 1858இல் பிறந்தவர் ரமாபாய். பின்னர்க் குடும்பம் புனிதப் பயணமாக நாடெங்கும் நடந்தது. தந்தைக்கு முதுமை வந்துவிட்டதால் மகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தாய் ஏற்றார்.

நாள் முழுதும் வீட்டு வேலையும் பயணமும் இருந்தமையால் பாடத்திற்கு விடியலுக்கு முந்தைய பொழுதே கிடைத்தது. உறங்கும் சிறுமியைத் தாய் கொஞ்சி எழுப்பி, தம்மிடம் சேர்த்து வைத்துக்கொண்டு, சுலோகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கற்பித்தார். பயிற்சியின் கடுமைக்கு அதன் பயனே சான்று. பன்னிரண்டு வயதிற்குள் பதினெண்ணாயிரம் சுலோகங்கள் ரமாபாயின் நினைவில் நின்றன. 1878இல் கல்கத்தாவில் அறிஞர்கள் அவருடைய புலமையைக் கண்டு 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை அளித்தபோது தாய் உயிரோடு இல்லை. 1870களின் பஞ்சம் தாய், தந்தை, தமக்கை மூவரையும் கொண்டுசென்றிருந்தது. ரமாபாய் 1887இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலைத் தாயின் நினைவுக்கே உரிமையாக்கினார்.

பெற்றோரின் கண்டிப்பை ரமாபாய் முழுவதும் போற்றவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வெளியுலகத் தொடர்பு பிள்ளைகளுக்கு ஆகாது என அவர்கள் கருதினர். சமயக் கல்வியன்றி வாழ்க்கைக்கு வேண்டிய வேறு தொழிற்கல்வி அளிக்கப்படவில்லை. பஞ்சம் வந்தபோது உடலுழைப்பால் பிழைக்கும் வழியறியாது குடும்பம் தவித்தது. அன்பிற் குறைவில்லாத கண்டிப்பும் எதனைக் காத்து நின்றது என்பதைப் பொறுத்துத் தீங்காகலாம் என்பதற்கு அவர் தரும் சான்று இதுவாகும். பெற்றோரை வணங்கிக்கொண்டே அவர்களின் குறையைக் கூறும் இந்நேர்மை அவர்தம் சான்றுரைக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

பணப்பெட்டியும் பனிநீரும்

தாகூரின் இளமை செல்வம் மிக்க ஜோராசாங்கோ மாளிகையில் வேலைக்காரர்களின் கட்டுப்பாட்டில் கழிந்தது. சியாம் என்னும் வேலைக்காரன் சிறுவனை ஓரிடத்தில் அமர்த்திச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அதனைத் தாண்டினால் கேடு வரும் என்று அச்சுறுத்திச் செல்வான். இராமாயணத்தில் கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்ததை அறிந்திருந்த சிறுவன் அதற்குள்ளேயே அடங்கியிருப்பான். இதுவும் ஒருவகைக் கண்டிப்பே. வட்டம் இட்டவன் தன் வேலையை எளிதாக்கிக்கொள்ளவே அதனை இட்டான். அவ்வட்டம் அவனைக் கட்டவில்லை.

1873இல் பூணூல் சடங்கு முடிந்தபின் தந்தை தேவேந்திரநாதர் பதினொரு வயது மகனைத் தம்முடன் போல்பூர், அமிர்தசரஸ் வழியாக இமயமலையின் டல்ஹௌசிக்கு அழைத்துச் சென்றார். இப்பயணத்தைக் கூறும் பகுதி, கண்டிப்பும் கனிவும் இணைந்த வளர்ப்பிற்கு இந்தியத் தன்வரலாறுகளில் கிடைக்கும் மிகச் செறிவான சான்றுகளுள் ஒன்று. தந்தை மகனிடம் சில்லறைக் காசுகளைக் கொடுத்துக் கணக்கு எழுதச் சொன்னார். தம் விலையுயர்ந்த பொற்கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும் பொறுப்பை அளித்தார். மிகுந்த ஆர்வத்தால் சிறுவன் அளவுக்கு மீறிச் சாவி கொடுக்க, கடிகாரம் பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்குச் செல்ல நேர்ந்தது. பணப்பெட்டியையும் அவனிடம் ஒப்படைத்தார். ஒருநாள் அதனை மேசைமீது கவனமின்றி விட்டுவிட்டதற்குக் கடிந்துரைத்தார். கடிகாரம் கெட்டதற்கு நேராத கடிந்துரை, பெட்டியை மறந்ததற்கு நேர்ந்தது. ஆர்வத்தால் வந்த பிழையையும் அசட்டையால் வந்த பிழையையும் தந்தை ஒன்றாகக் கருதவில்லை என இதனை விளக்கலாம்.

இருப்பூர்தியில் நிகழ்ந்தது மற்றொன்று. அரைச் சீட்டில் வந்த சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது கடந்திருக்குமோ எனச் சீட்டுப் பரிசோதகர் ஐயுற்றார். தேவேந்திரநாதர் வாதாடாமல் முழுக் கட்டணத்தையும் கொடுத்தார்; மீதியாக வந்த காசுகளை நடைமேடையில் வீசினார். சிறு தொகைக்காகப் பொய் சொல்பவர் என்று தம்மை எண்ணியதே அவரைச் சினங்கொள்ளச் செய்தது. தம் தந்தை துவாரகநாதரின் மறைவுக்குப்பின் வணிக நிறுவனம் வீழ்ந்தபோது, சட்டம் காப்பளித்த சொத்துகளையும் கடன்காரர்களுக்குத் தர முன்வந்து, கடன் முழுவதையும் ஏற்றுத் தீர்த்தவர் அவர். கணக்கு எழுதும்படி மகனிடம் கூறும் தகுதி அத்தகைய தந்தைக்கு இருந்தது.

டல்ஹௌசியின் பக்ரோட்டாக் குன்றில் விடியுமுன் எழுந்து வடமொழிச் சொல்லுருபுகளை மனப்பாடம் செய்ய வேண்டும். பின்னர்ப் பனி போன்ற குளிர்நீரில் நீராட வேண்டும். இவை பதினொரு வயதுச் சிறுவனுக்குக் கடுமையானவை. ஆனால் சிறுவன் இரவில் விழித்தபோது கண்டது, செந்நிறச் சால்வை போர்த்து விளக்கைக் கையில் ஏந்தி வழிபாட்டிற்குச் செல்லும் தந்தையை. மகனை எழுப்புவதற்கு வெகுநேரம் முன்பே அவர் எழுந்திருந்தார். தம் இளமையில் குளிர்நீரில் நீராடியதைக் கூறி மகனுக்கு ஊக்கமளித்தார். நண்பகல் பாடத்தின்போது சிறுவன் தூங்கி விழுந்தால் இரங்கி விட்டுவிடுவார். விடுபட்டவுடன் தூக்கமும் பறந்துவிடும் என்று தாகூர் நகைச்சுவையோடு எழுதுகிறார். பின்னர் அச்சிறுவன் இரும்புப்பூண் இட்ட கோலுடன் தனியே மலைச்சரிவுகளில் திரிவான். தந்தை தடுத்ததில்லை. மகன் தவறிவிடுவானோ என்னும் அச்சத்தால் அவர் அவனைக் கட்டிவைக்கவில்லை என்பதும், கோலைக் காட்டி அடக்காமல் உயர்ந்த அளவுகோலைக் காட்டி நடத்தினார் என்பதும் தாகூர் தரும் மதிப்பீட்டின் சாரம்.

வேலைக்காரனின் சுண்ணக்கோட்டையும் தந்தையின் பக்ரோட்டா ஒழுங்கையும் ஒரே நூலில் ஒரே மகன் பதிவு செய்திருப்பது நம் ஆய்வுக்கு வாய்ப்பான ஒன்று. முன்னது எளிதாக இருந்தும் சிறையாக நினைவில் நின்றது. பின்னது கடினமாக இருந்தும் விடுதலையாக நின்றது. 1901இல் தாகூர் தம் பள்ளியைத் தொடங்கிய இடம், அப்பயணத்தில் தந்தை அவரைக் கட்டின்றித் திரியவிட்ட அதே போல்பூர்ச் சாந்திநிகேதனமாகும்.

கதிரவனுக்குக் காத்திருந்த தாய்

காந்தியடிகளின் தாய் புத்லிபாய் நோன்புகளில் உறுதி மிக்கவர். ஒரு மழைக்காலத்தில், கதிரவனைக் காணாமல் உண்பதில்லை என நோன்பு பூண்டார். பிள்ளைகள் வெளியே நின்று வானத்தைப் பார்த்திருப்பர். கதிரவன் தோன்றியதும் ஓடிச்சென்று தாயிடம் கூறுவர். அவர் வந்து காண்பதற்குள் மேகம் மறைத்துவிடும். வருத்தமின்றித் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். விதியைத் தமக்கு விதித்துக்கொண்டு அதனை முகமலர்ச்சியுடன் தாங்கியதைப் பிள்ளைகள் கண்டனர். 1888இல் மகன் இங்கிலாந்து செல்ல விரும்பியபோது, மது, மாது, ஊன் மூன்றையும் தொடுவதில்லை என்ற உறுதிமொழியைச் சமணத் துறவி பேசர்ஜி சுவாமியின் முன்னிலையில் பெற்றபின் தாய் இசைவளித்தார். கடல் கடப்பதைச் சாதித் தலைவர்கள் தடுத்து விலக்கியபோதும் அவ்விசைவு மாறவில்லை. மகனின் விருப்பத்தைக் கேட்டார், எல்லையை வகுத்தார், அதன்பின் நம்பி அனுப்பினார். கண்காணிக்க யாருமற்ற இலண்டனில் அவ்வுறுதிமொழி காக்கப்பட்டது. 1891இல் மகன் திரும்பியபோது அதனைச் சொல்லி மகிழ்விக்கத் தாய் இல்லை. அவர் மறைந்த செய்தி அதுவரை மகனிடம் மறைக்கப்பட்டிருந்தது.

தந்தை கரம்சந்த் தொடர்பான நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. பதினைந்து வயதளவில், அண்ணனின் கடனை அடைப்பதற்காக அவருடைய கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டியெடுத்த மகன், குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தண்டனையையும் வேண்டி, நோயுற்றுப் பலகைக் கட்டிலில் கிடந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. கண்ணை மூடிச் சிந்தித்தார், தாளைக் கிழித்தார், மீண்டும் படுத்துக்கொண்டார். எளிதில் சினங்கொள்ளும் இயல்புடைய அத்தந்தையிடம் கடுஞ்சொல்லை எதிர்பார்த்திருந்த மகனுக்கு அந்த அமைதி வாழ்நாட் பாடமாயிற்று. இங்கே கண்டிப்பு இல்லை என்று கூறுவது பொருந்தாது. திருட்டு இனி நிகழாது என்ற உறுதியைக் குற்றம் செய்தவனே எழுதித் தருமளவுக்கு அவ்வீட்டின் நெறி வலுவாக இருந்தது. அவ்வலுவே தண்டனையைத் தேவையற்றதாக்கியது.

அடித்த கையும் கேளாத செவியும்

வளர்க்கப்பட்ட மகன் வளர்ப்பவராக மாறியபோது நிகழ்ந்தவை நம் ஆய்வின் மிகக் கடினமான பகுதியாகும். ஜொகானஸ்பர்க் அருகே காலன்பாக் அளித்த நிலத்தில் 1910இல் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில், போராட்டத்தில் ஈடுபட்டோரின் பிள்ளைகளுக்குக் காந்தியடிகள் கற்பித்தார். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். போப்பின் தமிழ்க் கையேட்டளவிலான தம் அறிவைக் கொண்டே அவர்களுக்குத் தமிழ் பயிற்றியதாக அவரே ஒப்புக்கொள்கிறார். அங்கே ஒருமுறை, அடங்காத மாணவன் ஒருவனை அளவுகோலால் கையில் அடித்தார். அடித்தபோது அவர் உடல் நடுங்கியது. மாணவன் அழுதது அடியின் வலிக்காக அன்று, தமக்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டே என அவர் கருதினார். அடித்தது சரியா என்னும் ஐயம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. அதன்பின் அவர் எம்மாணவரையும் அடிக்கவில்லை. 1913இல் பீனிக்ஸில் இருவர் ஒழுக்கம் தவறியபோது ஏழு நாள் உண்ணாநோன்பையும், நான்கரை மாதம் ஒருவேளை உணவையும் தமக்கே விதித்துக்கொண்டார். தாயின் நோன்பை இங்கே மீண்டும் காண்கிறோம்.

எனினும் மூத்த மகன் ஹரிலாலின் வாழ்க்கை இவ்விளக்கத்திற்குள் எளிதில் அடங்குவதில்லை. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் பலமுறை சிறைசென்ற அவர் முறையான கல்வியை விரும்பினார். இங்கிலாந்தில் பயில நண்பர் பிராண்ஜீவன் மேத்தா வழங்க முன்வந்த உதவியைக் காந்தியடிகள் தம் மகனுக்குத் தராமல் பிறருக்கு வழங்கினார். 1911இல் ஹரிலால் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். 1915இல் தம் குறைகளைத் தந்தைக்கு வெளிப்படையான மடலாக எழுதினார். அப்பிளவு ஆறவில்லை. தந்தை கொல்லப்பட்ட 1948ஆம் ஆண்டிலேயே சில மாதங்களுக்குப்பின் மகனும் மறைந்தார். காந்தியடிகள் தம் விதிகளுக்குத் தாம் கட்டுப்படாதவர் அல்லர். மகன்மீது அன்பற்றவரும் அல்லர். மகனுக்கென ஒரு விருப்பம் உண்டு என்பதைச் செவிமடுப்பதிலேயே குறை நேர்ந்தது. வேங்கடசுப்பையர் இசையை விட்டுக்கொடுத்தார். புத்லிபாய் கடற்பயணத்திற்கு இசைந்தார். புத்லிபாயின் மகனால் தம் மகனுக்கு அவ்வாறு இசைய இயலவில்லை. தன்கட்டுப்பாடு மட்டும் போதாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

சான்றுகளின் எல்லை

இத்தன்வரலாறுகளைச் சான்றாகக் கொள்வதில் சில எச்சரிக்கைகள் தேவை. இவை முதுமையில் அல்லது நடுவயதில் எழுதப்பட்டவை. பெற்றோரின் மறைவுக்குப் பிந்தியவை. மறைந்தோரைப் போற்றும் மனநிலை நினைவுகளைத் தெரிந்தெடுத்திருக்கக்கூடும். நால்வரும் எழுத்தறிவு வாய்த்த உயர்சாதிக் குடும்பத்தினர். பிரம்புக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு ஓடிய பிள்ளைகளும், பள்ளிக்கே அனுமதிக்கப்படாத பிள்ளைகளும் தன்வரலாறு எழுதவில்லை. வென்றவர்கள் எழுதியதைக் கொண்டு வளர்ப்பு முறையை மதிப்பிடுவதிலுள்ள இக்குறையை ஹரிலாலின் மடல் ஒருவாறு ஈடுசெய்கிறது. அடியால் உருவானவர்கள் என்று கூறப்படும் சான்றோர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்களுள் அடி இருந்தும் உயர்ந்தவர் எத்துணைப் பேர் என்பதைப் பழமொழி பிரித்துக் காட்டுவதில்லை.

பிற்காலத்தில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்டு 1960களில், அடக்கியாளும் வளர்ப்பு, கட்டற்று விடும் வளர்ப்பு, காரணம் கூறி நெறிப்படுத்தும் வளர்ப்பு என மூவகை வகுத்து, மூன்றாவதே சிறந்தது என்றார். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல்தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. இத்தடையால் கண்டிப்பே போய்விட்டது என வருந்துவோர் உளர். அவ்வருத்தம் அடியையும் கண்டிப்பையும் ஒன்றாகக் கொண்டதன் விளைவு. கைவிடத்தக்கது எது, காக்கத்தக்கது எது என்று பிரித்தறிய மேற்கண்ட சான்றுகள் உதவும்.

முடிவுரை

நான்கு தன்வரலாறுகளும் காட்டும் முடிவுகளை இவ்வாறு தொகுக்கலாம்.

1. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இப்பெற்றோர் அனைவரும் கண்டிப்பு மிக்கவர்களே. கல்வி, வாய்மை, நேரம் ஆகியவற்றில் அவர்கள் தளர்வு காட்டவில்லை.

2. பிள்ளைகள் நன்றியோடு நினைவுகூர்ந்த கண்டிப்பில், விதி பெற்றோரை முதலில் கட்டியது. விடியுமுன் எழுப்பிய தாயும் தந்தையும் தாம் முன்னரே எழுந்திருந்தனர்.

3. கண்டிப்போடு நம்பிக்கையும் உடன் வழங்கப்பட்டது. பணப்பெட்டி, மலைச்சரிவு, இலண்டன் பயணம் ஆகியவை அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவை.

4. எல்லையைப் பெற்றோர் வகுத்தனர்; அவ்வெல்லைக்குள் பிள்ளையின் விருப்பத்திற்கு இடம் இருந்தது. இடம் இல்லாதபோது, தன்கட்டுப்பாடும் அன்பும் இருந்தும் உறவு முறிந்தது.

5. அடியைப் பயன்படுத்திய நிகழ்ச்சி, அடித்தவரின் வருத்தமாகவே பதிவாகியுள்ளது. பிள்ளையின் உயர்வுக்குக் காரணமாகப் பதிவாகவில்லை.

பிள்ளையிடம் 'கண்டிப்பாகச் செய்' என்று கூறும் பெற்றோர், 'கண்டிப்பாகச் செய்வேன்' என்று தமக்கும் கூறிக்கொள்ளும்போதே அச்சொல்லின் இரு பொருளும் ஒன்றுசேர்கின்றன. உத்தமதானபுரத்திலிருந்து மாயூரம் வரை மகனோடு நடந்த தந்தையும், கதிரவனைக் காணாமல் உண்ணாதிருந்த தாயும் அவ்வாறு சேர்த்துக் காட்டியவர்கள். பிறமொழித் தன்வரலாறுகளையும், தமிழில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த தலித் தன்வரலாறுகளையும், பெண்களின் தன்வரலாறுகளையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்ந்தால், இங்குக் கண்ட முடிவுகள் எந்த அளவுக்குப் பொதுவானவை என்பது மேலும் தெளிவுறும்.